படுத்திருப்பவருக்குச் சவரம் செய்ய எந்த நுரை? மூன்றை வாங்கிப் பார்த்தேன்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் தூக்க வரவில்லை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்திச் சாய்த்து வைத்தால் அரைமணி நேரம் தாங்குவார், அதற்கு மேல் இடுப்பு நழுவிவிடும். கோயமுத்தூரில் மில் வேலைக்குப் போன காலத்தில் ஆறு மணி ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்கே கண்ணாடி முன்னால் நின்று சவரம் முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். முகத்தில் முள் முள்ளாக மயிரோடு யாராவது பார்க்க வந்தால் அவருக்கு அழுகையே வந்துவிடும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்குச் சவரம் செய்துவிடுவது என் வேலை.

பிளேடில் எனக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் நுரையில்தான். சாய்ந்து படுத்திருப்பவரின் கன்னத்தில் நுரையைப் பூசினால் ஒரு நிமிடத்துக்குள் தாடை ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு துளி திரளும், அது காதுமடலுக்குப் பின்னால் வழிந்து பிடரியில் இறங்கித் தலையணையில் ஊறிவிடும். நமக்கு வழிந்தால் கையால் துடைத்துக்கொள்வோம், அவரால் அது சட்டென்று முடியாது. “ஏங்கண்ணு, கழுத்தெல்லாம் ஈரமா இருக்குது” என்று குழறிக் குழறிச் சொல்வார். “இருங்கப்பா, முடிஞ்சுது” என்று நான் அவசரப்படுவேன், அவசரத்தில் கீறிவிடும். சோப்புத் தண்ணீர் ஊறிய உறையில் கழுத்து மணிக்கணக்கில் கிடந்ததில் ஒருமுறை பிடரித் தோலே சிவந்து போனது.

வெந்நீர்த் துண்டு, பிளாஸ்டிக் விரிப்பு, பஞ்சு என்று எல்லாம் செய்து பார்த்த பிறகுதான் பொருளையே மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மூன்று வாங்கினேன். பம்பை அழுத்தினால் நுரையாகவே வரும் ஃபேஸ்வாஷ் ஒன்று, பிரஷ்ஷால் குழைக்கும் ட்யூப் கிரீம் ஒன்று, ஷேவிங் ஃபோம் டப்பா ஒன்று. பிராண்ட் பெயர்கள் எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்ல வருவது லேபிளின் பின்பக்கத்தில் இருக்கும் சரக்கைப் பற்றி. அது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

முகத்தில் பூசிப் பூசி அப்பாவைச் சோதிக்க மனம் வரவில்லை. வீட்டில் அவருக்குக் கஞ்சி கொடுக்கும் 50 மில்லி சிரிஞ்ச் இருக்கிறது. புதிது ஒன்றை எடுத்துப் பிஸ்டனை உருவிவிட்டு, முனையை மூடியால் அடைத்து, பின்பக்கமாக நுரையை நிரப்பி, இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்திவிட்டுப் போனில் நேரம் பார்த்தேன். நுரை மேலே இருக்க, வடிந்த தண்ணீர் அடியில் தெளிவாகச் சேரும், அதற்குப் பக்கத்திலேயே மில்லி கோடு. தீயணைப்புத் துறையிலும் ஏறக்குறைய இப்படித்தான் அளக்கிறார்கள். நுரையில் இருக்கும் தண்ணீரில் கால் பங்கு வடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் அங்கே கணக்கு. அதே கணக்கை நானும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் பம்ப் ஃபேஸ்வாஷ். கடையில் பார்த்தபோது இதுதான் ஜெயிக்கும் என்று நினைத்தேன். அழுத்தினால் பஞ்சு மாதிரி வெள்ளையாக வருகிறது, கையில் எடுத்தால் கூம்பாக நிற்கிறது. சிரிஞ்சில் போட்ட 20 விநாடியில் அடியில் தண்ணீர்க் கோடு விழுந்துவிட்டது. ஒரு நிமிடத்தைத் தாண்டும்போது கால் பங்கு இறங்கியாயிற்று, மூன்று நிமிடத்தில் பாதி போய்விட்டது. மேலே நிற்கும் நுரையின் உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, அதுதான் ஏமாற்றுவது. பார்வைக்கு நுரை நிற்கிறது, உள்ளே தண்ணீர் இல்லை. தண்ணீர் போன நுரை வெறும் காய்ந்த கூடு, பிளேடு அதில் வழுக்காது. அதாவது அப்பாவுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம், கழுத்தில் ஈரம், கன்னத்தில் வறட்சி.

ஏன் இப்படி? லேபிளைப் பார்த்தேன். சோடியம் லாரத் சல்ஃபேட், அடுத்தது கோக்கமிடோப்ரொப்பைல் பீட்டைன். ஷாம்பூ முதல் பாத்திரம் தேய்க்கும் திரவம் வரை பெரும்பாலானவற்றில் இருக்கும் ஜோடி. இந்த மாதிரி நுரைக்கும் சரக்குக்குப் பொதுப்பெயர் சர்ஃபாக்டன்ட். ஒரு முனை தண்ணீரை விரும்பும், வால் தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும், அதனால் அது தண்ணீரின் மேற்பரப்பில் போய் நிற்கும். சுத்தமான தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், இவை கலந்தால் அது பாதி அளவுக்கு இறங்கிவிடும். நுரை எளிதாக எழும்புவதற்கு இது போதும். ஆனால் எழும்புவது வேறு, தண்ணீரைப் பிடித்து வைப்பது வேறு.

நுரையை உற்றுப் பாருங்கள். குமிழிகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு பல முகங்களோடு இருக்கும். இரண்டு குமிழிகளுக்கு நடுவில் மெல்லிய சவ்வு, மூன்று சவ்வுகள் சேரும் விளிம்பில் மிகச் சின்னதாக ஒரு வாய்க்கால், நான்கு வாய்க்கால்கள் கூடும் இடத்தில் ஒரு முடிச்சு. நுரையிலுள்ள தண்ணீரில் பெரும்பங்கு சவ்வில் இல்லை, இந்த வாய்க்கால்களிலும் முடிச்சுகளிலும்தான் இருக்கிறது. பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளேட்டோ என்ற இயற்பியலாளர் 19ஆம் நூற்றாண்டில் இதை ஒழுங்காக எழுதி வைத்தார், மூன்று சவ்வுகள் சேர்ந்தால் 120 பாகைக் கோணத்தில்தான் சேரும் என்பதும் அவர் கண்டதுதான். அதற்குள் அவருக்குக் கண்பார்வை முழுவதும் போய்விட்டிருந்தது, வீட்டாரும் கூட இருந்தவர்களும் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் வேலையைத் தொடர்ந்தார். அந்த வாய்க்கால்களுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

சரி, வாய்க்காலில் தண்ணீர் தன் எடையால் கீழே இறங்குகிறது. எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது கரையைப் பொறுத்தது. இந்த வாய்க்காலுக்கு மண் கரை கிடையாது, சர்ஃபாக்டன்ட் படிந்த பரப்புதான் கரை. லாரத் சல்ஃபேட் போன்ற சரக்கு தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது, பரப்புக்கு வரும், போகும், ஓரிடத்தில் நிற்காது. அதனால் தண்ணீர் ஓடும்போது கரையும் கூடவே ஓடுகிறது. தடுக்க ஆளில்லாத வாய்க்கால் மாதிரி மொத்தத் தண்ணீரும் ஒரே வேகத்தில் சரிந்து இறங்கிவிடும், முடிச்சுகளில் மட்டும்தான் கொஞ்சம் தடை. இதற்கு மாறாக, கரை விறைப்பாக நின்றால் அதை ஒட்டிய தண்ணீர் அசையாது, நடுவில் இருப்பது மட்டும் மெதுவாக ஊர்ந்து இறங்கும். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் சிரிஞ்சில் அது நிமிடத்துக்கும் மணிக்கும் உள்ள வித்தியாசமாகத் தெரிகிறது.

பம்ப் நுரைக்கு இன்னொரு குறை, குமிழி பெரிது. வெளிச்சத்தில் பிடித்தால் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. வடியும் வேகம் குமிழியின் அளவுக்கு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கத்துக்கு ஏறுகிறது. ஐந்து மடங்கு பெரிய குமிழி என்றால் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகம்.

இதைக் காப்பாற்ற முடியுமா என்றும் பார்த்தேன். மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி ஐந்தில் ஒரு பங்கு கலந்தேன். திரவம் குழகுழப்பானால் மெதுவாக வடியும் என்பது உண்மைதான், ஆனால் அந்த அளவு கிளிசரினுக்குப் பாகுத்தன்மை இரண்டு மடங்கைக்கூடத் தொடாது. கால் பங்கு வடியும் நேரம் ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை, ஒன்றே முக்காலுக்குப் போனது, அவ்வளவே. தோலுக்கு இதமாக இருந்தது என்பது மட்டும் லாபம். முகம் கழுவ நல்ல பொருள், அதற்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். படுத்திருப்பவருக்குச் சவரம் செய்ய ஒன்று.

இரண்டாவது, ட்யூப் கிரீம். இதில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. முதல்நாள் குளியலறைக் குழாயிலிருந்து ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து, பிரஷ்ஷால் கிண்ணத்தில் இரண்டு நிமிடம் குழைத்தேன். நுரை வந்தது, ஆனால் ஒழுங்காக வரவில்லை. குமிழி சின்னதும் பெரியதுமாக, நடுவில் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் துகள்கள். சிரிஞ்சில் நான்கு நிமிடத்தில் கால் பங்கு போய்விட்டது, மேல்பக்க நுரையும் உடைந்து இறங்கியது. கிரீம் பழசோ என்று தேதியைப் பார்த்தேன், தேதி சரியாகத்தான் இருந்தது. அப்புறம் அம்மாதான் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், “உப்புத்தண்ணியில போட்டா எந்த சோப்புத்தான் நொரைக்கும்? நல்லதண்ணிய எடு.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குளிக்க, துவைக்க போர்வெல் உப்புத்தண்ணி, குடிக்கச் சமைக்க மட்டும் சிறுவாணி நல்லதண்ணி, அதுவும் விடும் நாளில் குடத்தில் பிடித்து வைத்தது. அம்மாவின் குடத்திலிருந்து அரை டம்ளர் எடுத்து அதே கிரீமை அதே பிரஷ்ஷால் குழைத்தேன். வேறு பொருள் மாதிரி இருந்தது. இழுத்தால் நுனி வளையும் கெட்டி நுரை, குமிழி கண்ணுக்கே தெரியவில்லை. சிரிஞ்சில் கால் பங்கு வடிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

காரணம் இதுதான். ட்யூப் கிரீம் அடிப்படையில் சோப்பு, லேபிளில் ஸ்டீரிக் ஆசிட், மிரிஸ்டிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று இருக்கும். உப்புத்தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தக் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக் கரையாத கசடாக மாற்றிவிடுகின்றன, நான் பார்த்த வெள்ளைத் துகள் அதுதான். பரப்பில் நின்று கரை கட்ட வேண்டிய ஆள் கசடாகப் போய்விட்டால் நுரைக்கு என்ன மிஞ்சும்? அதுவே நல்லதண்ணி என்றால், ஸ்டீரிக் ஆசிட்டின் வால் 18 கார்பன் நீளம், தண்ணீரில் எளிதாகக் கரையாது, பரப்புக்கு வந்தால் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி அடுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடை படிந்த பரப்பு தண்ணீரோடு ஓடாது.

இது ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். லாரத் சல்ஃபேட்டுக்கு நெருங்கிய உறவான லாரில் சல்ஃபேட் நுரையில் டோடெக்கனால் என்ற கொழுப்பு ஆல்கஹாலைத் துளி அளவு சேர்த்தால் பரப்பு விறைத்து வடிதல் மெதுவாகிவிடும். பல்கேரியாவின் சோஃபியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் எடுத்தது இதே லாரத் சல்ஃபேட், பீட்டைன் ஜோடியைத்தான், அதாவது என் பம்ப் பாட்டிலில் இருக்கும் அதே சரக்கு. அதில் மிரிஸ்டிக் ஆசிட் மாதிரி ஒரு கொழுப்பு அமிலத்தைச் சிறிதளவு சேர்த்ததும் குமிழிப் பரப்பு ஓடுவதை நிறுத்தி விறைப்பாகிவிட்டது. மொத்தச் சரக்கை மாற்ற வேண்டியதில்லை, ஆடை கட்டும் ஆள் கொஞ்சம் உள்ளே இருந்தால் போதும். லேபிளைப் படிக்கத் தெரிந்தால் கடையிலேயே பாதி முடிவு எடுத்துவிடலாம் என்று நான் நம்புவது இதனால்தான்.

பூந்திக்கொட்டையையும் அம்மா விடவில்லை. நகையும் பட்டும் கழுவ வைத்திருந்ததில் நான்கைந்தை ஊறவைத்துக் கசக்கி வடிகட்டிக் கொடுத்தாள். அதன் நுரை பம்ப் நுரையைவிட நன்றாகவே நின்றது. அதில் நுரைப்பது சப்போனின், அந்த மூலக்கூறுகளும் பரப்பில் ஒன்றோடொன்று பிணைந்து ரப்பர் மாதிரி விறைப்பான தோல் கட்டக்கூடியவை. ஆனால் கண்ணில் பட்டால் பயங்கர எரிச்சல், கண்ணைக் கசக்கச் சட்டென்று கை வராதவர் முகத்தில் அதைப் பூச நான் துணிய மாட்டேன். அம்மாவும் ஒப்புக்கொண்டாள்.

ட்யூப் கிரீமுக்கு நல்லதண்ணியில் குழைத்தால் நான்கு நட்சத்திரம். விலை மூன்றிலும் இதுதான் குறைவு, ஒரு ட்யூப் மாதக்கணக்கில் வருகிறது. ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம், குழைக்கும்போது தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் எல்லாம் கெட்டுவிடுகிறது. ஈரம் அதிகமான நுரைக்கு வாய்க்கால் அகலம், அகலமான வாய்க்கால் வேகமாக வடியும். பிரஷ்ஷை மூன்று முறை நன்றாக உதறிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், நான் இரண்டு முறை உதறிய நாளில் தலையணை நனைந்தது.

மூன்றாவது, ஷேவிங் ஃபோம் டப்பா. சிரிஞ்சில் நிரப்புவதே சிரமமாக இருந்தது, கெட்டியாக நின்றுகொண்டு நடுவில் காற்றுப் பை விடுகிறது, உள்ளங்கையில் தட்டித் தட்டித்தான் இறக்கினேன். பத்து நிமிடம், ஒன்றுமில்லை. அரைமணி, ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் அடியில் ஒரு துளிகூட இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதுதான் முனை ஓரத்தில் நூல் மாதிரி ஒரு ஈரக் கோடு.

லேபிளில் தண்ணீர், ஸ்டீரிக் ஆசிட், ட்ரைஎத்தனோலமைன், பால்மிட்டிக் ஆசிட், கிளிசரின், அப்புறம் ஐசோபியூட்டேன், புரொப்பேன் வாயுக்கள். ஆக இதுவும் சோப்புதான், ஆடை கட்டும் சரக்கு முன்வரிசையிலேயே இருக்கிறது. தண்ணீரைத் தொழிற்சாலையிலேயே கலந்துவிட்டதால் நம் வீட்டு உப்புத்தண்ணியோடு அதற்குச் சண்டையே இல்லை. குமிழியோ மிகச் சின்னது, மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் இருக்கும், வர்க்கக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. வாயுவும் யோசித்துப் போட்டது. பொதுவாக நுரையில் சின்னக் குமிழிக்குள் அழுத்தம் அதிகம், அதிலிருந்து வாயு சவ்வைத் தாண்டிப் பெரிய குமிழிக்குப் போய், சின்னது மறைந்து பெரியது வீங்கும், குமிழி பெருத்தால் வடிதலும் வேகமாகும். ஐசோபியூட்டேன் போன்றவை தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் இந்தக் கடத்தல் மெதுவாக நடக்கிறது.

1991இல் அமெரிக்காவில் மூன்று இயற்பியலாளர்கள் நுரைக்குள் ஒளியைப் பாய்ச்சி அதன் குமிழிகள் எப்படி மாறுகின்றன என்று ஆராய்ந்தபோது எடுத்துக்கொண்டது கடையில் விற்கும் ஜில்லெட் ஷேவிங் நுரையைத்தான். அதன் பிறகு எத்தனையோ ஆய்வகங்கள் அதையே மாதிரி நுரையாக வைத்துக்கொண்டன. மணிக்கணக்கில் வடியாது, எப்போது அழுத்தினாலும் ஒரே மாதிரி வரும், 92 சதவீதம் வாயு. அப்பாவின் கன்னத்துக்கு எனக்குத் தேவைப்பட்டதும் அதே குணம்தான்.

எல்லா இடத்திலும் வடியாத நுரைதான் நல்லது என்று சொல்லவில்லை. பெட்ரோல் தீயில் படலம் கட்டி அணைக்கும் ஒருவகைத் தீயணைப்பு நுரை சீக்கிரம் வடிய வேண்டும் என்றே செய்யப்படுகிறது. வடிந்த தண்ணீர்தான் எண்ணெய் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. புரத நுரை என்று இன்னொரு வகை, அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கே பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சர்ஃபாக்டன்ட் நல்லது என்று சொல்ல முடியும்.

முகத்தில் பூசியபோதும் டப்பா நுரை சொன்னதைச் செய்தது. முகம் முழுக்கப் பூசி, மெதுவாக, நிதானமாக, வாய் கோணிய வலது ஓரத்தைத் தோலை இழுத்துப் பிடித்து மழித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. அப்பா இடது கையால் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். எட்டு மாதத்தில் முதல் தடவை சவரத்தின் நடுவில் தூங்கினார்.

குறைகளும் இருக்கின்றன. விலை ட்யூபைவிட மூன்று மடங்குக்கு மேல். டப்பாவின் அடிவிளிம்பு குளியலறை ஈரத்தில் துருப்பிடித்து வட்டமாகக் கறை விட்டுவிட்டது. உள்ளே இருப்பது எரியும் வாயு, விளக்கு, அடுப்பு, வெயில் அடிக்கும் ஜன்னல் எதற்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு ட்யூப் கிரீமுக்கே போங்கள். மென்தால் போட்டது முதலில் தெரியாமல் வாங்கிவிட்டேன், அது வாடை கண்ணில் ஏறி அப்பாவுக்கு நீர் வந்துவிட்டது, சாதாரண வகையாகப் பார்த்து மாற்றினேன். சோப்பு என்பதால் காரத்தன்மை உண்டு, முடிந்ததும் நல்லதண்ணியில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தால்தான் தோல் இறுகாமல் இருக்கிறது.

செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். வெந்நீர்த் துண்டு வைத்து மயிரை இளக்கிய பிறகு முகத்தை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் நுரை பூசுங்கள், முகத்தில் தங்கிய தண்ணீர் நுரைக்குள் ஏறினால் இந்த டப்பா நுரையும் வடியத் தொடங்கும், நானே பார்த்தேன். இன்னொன்று, டப்பாவை நன்றாகக் குலுக்கி, முதலில் வரும் நெல்லிக்காய் அளவை ஒரு காகிதத்தில் விட்டுவிடுங்கள். அது கொஞ்சம் தண்ணீராக, பெரிய குமிழியாக வருகிறது. அடுத்து வருவதிலிருந்து முகத்துக்குப் பூசலாம். ஐந்துக்கு நான்கரை, ஒரு டப்பா எங்களுக்கு இரண்டு மாதம் வந்தது, இப்போது இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது.